ஆமைப் படம் போட்ட பத்திரிகை

1

ரோட்ரிக்ஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. நம்புங்கள், நான் அங்கேதான் குடியிருக்கிறேன். உலகப் படத்தில் மொரீஷியசைக் கண்டுபிடித்து அதற்குக் கிழக்கே விரலை நகர்த்தினால் ஈ உட்கார்ந்து எழுந்த இடம் போல ஒரு புள்ளி வரும். சில படங்களில் அதுவும் வராது. தலைநகரின் பெயர் போர்ட் மாத்துரின். மதுரைக்காரன் யாரோ போய் வைத்த பெயர் அது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. கிளப்பிவிட்டது நான்தான்.

கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் எனக்கு வேலை. தண்ணீர்க் கஷ்டத்துக்குப் பேர்போன பேரையூர்ப் பக்கம் பெண்ணெடுத்தேன். பிறகு உலகம் முழுக்கத் தேடி, தண்ணீர்க் கஷ்டம் உள்ள தீவாகப் பார்த்து வேலைக்குப் போனேன். சிலருக்கு ராசி அப்படி.

இந்த முறை விடுமுறைக்கு நான் மட்டும் வந்திருக்கிறேன். ஒரே ஒரு வேலையோடு. என் மகள் ஜெனிக்கு இன்னும் இரண்டு மாதத்தில் அங்கே கோயிலில் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்கும் விழா. எங்கள் பக்கம் புதுநன்மைக்குப் பிள்ளையின் வெள்ளை உடுப்பும் கையில் பிடிக்கிற மெழுகுவர்த்தியும் தாய்மாமன் கையால் வரவேண்டும். என் மனைவி ஸ்டெல்லாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. இருப்பது ஒரே அண்ணன், ஆரோக்கியம். பேரையூரில் ஒரு மிஷன் பள்ளியில் எழுத்தர். நாங்கள் தீவுக்குப் போன நாளிலிருந்து வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிடுகிறோம். அவர் வந்ததில்லை.

விமான நிலையத்தில் ஸ்டெல்லா சொன்னாள்: "எங்க அண்ணனக் கூட்டிட்டு வாங்க. இல்லாட்டி நீங்களும் அங்கனயே இருந்துக்கங்க."

அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். எனக்குப் பயம் வந்தால் முதலில் சிரிப்பு வரும். வேர்வை அதற்குப் பிறகுதான்.

சமயநல்லூரில் என் அக்கா வீட்டில் இறங்கியதும் விஷயத்தைச் சொன்னேன். அக்கா மாவு கரைத்துக்கொண்டே கேட்டாள்:

"எப்படா கூப்ட்ட அவர?"

"எத்தனையோ வாட்டி. போன்ல."

"போன்ல சொன்னா அது தகவல்டா. அழைப்பா அது? தட்டு வச்சியா? பத்திரிகை வச்சியா? வீட்டு வாசல்ல போய் நின்னியா?"

"தீவுக்கு வாங்கன்னு சொல்றதுக்குப் பத்திரிகையாக்கா?"

"சம்பந்தி மொறைடா. அவரு எப்டி வருவாரு? தெருவுல போறவனையும் போன்லதான கூப்புடுற!"

இத்தனை வருடம் நான் அவரைக் கூப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

2

ஆரப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அச்சகத்தைத் தேடிப் போனேன். போகிற வழியிலேயே சங்கடம். எங்கள் தீவில் எதிரில் வருகிறவர் யாராக இருந்தாலும் வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் ஆரப்பாளையத்தில் வந்தவர் போனவருக்கெல்லாம் தலையசைத்து வணக்கம் போட்டுக்கொண்டே நடந்தேன். இரண்டு பேர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் நின்று, "எந்தக் கட்சிண்ணே?" என்று கேட்டார்.

அச்சகத்தில் வாசகம் எழுதிக் கொடுத்தேன். புதுநன்மை விழா, எந்தக் கோயில், எந்தத் தீவு எல்லாம் இருந்தது. பெயர் போடுவதில் ஒரு சிக்கல் வந்தது. கோயில் பதிவில் என் குடும்பப் பெயர் சவரிமுத்து. அது என் அப்பா பெயர். தீவுக்குப் போனதும் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள், இல்லை என்றேன், அப்படி ஒரு மனிதன் இருக்க முடியாது என்றார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்ததா, அதை எடுத்து எல்லோருக்கும் மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் மிஸ்யே சவரிமுத்து. என் மனைவி மதாம் சவரிமுத்து. பள்ளிக்கூடத்தில் என் மகளை "சவரிமுத்து!" என்று டீச்சர் அதட்டும்போது, என் அப்பா இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்.

பத்திரிகைக்குப் படம் வேண்டும் என்றார் அச்சகக்காரர். நற்கருணைக் கிண்ணம் ஒரு மூலையில் போட்டாயிற்று. "தீவோட படம் எதுவும் இருக்காண்ணே?" என்றார். அங்கே என்ன விசேஷம் என்று யோசித்தேன். பெரிய ஆமைகள். ஒரு ஆள் உட்காரலாம் போல ஓடு. பிள்ளைகள் போய்க் கழுத்தைத் தடவிக் கொடுத்தால் அது சொகமாகக் கழுத்தை நீட்டும். எங்கள் பக்கத்து வீட்டுக் கதவில் ஆமை, பள்ளிக்கூடச் சுவரில் ஆமை, ஜெனியின் சாப்பாட்டு டப்பாவில் ஆமை. போனிலிருந்து நல்ல படமாக எடுத்துக் கொடுத்தேன்.

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆமையாண்ணே?"

"ஆமா."

"விசேஷப் பத்திரிகைக்கு?"

"ஆமாங்கறேன்."

"நடுவுலயா போடணும்?"

"நல்லாப் பெருசாவே போடுங்க."

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஏதோ முனகினார். படம் தெளிவாக இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

3

தட்டு, பழம், கற்கண்டு, பத்திரிகை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு திருமங்கலம் வழியாகப் பேரையூர் போய்ச் சேர்ந்தேன். மச்சான் வாசலிலேயே நின்றார்.

"வாங்க மாப்ள. ஒருவழியா வழி தெரிஞ்சிச்சா?"

அவருடைய மனைவி ரீத்தா அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, சமயநல்லூரில் என் அக்கா சொல்லிக்கொடுத்த மாதிரி, "மச்சான், ஜெனிக்குப் புதுநன்மை. நீங்களும் அக்காவும் வந்து நடத்திக் குடுக்கணும்" என்று நீட்டினேன்.

மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்திருக்கிறேன் என்று தோன்றியது. பத்திரிகையை எடுத்துப் பிரித்தார். மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

"என்ன மாப்ள இது?"

"பத்திரிகை மச்சான்."

"அது தெரியிது. இது?" விரல் நடுவில் இருந்தது.

"ஆமை."

"ஆமை" என்றார் அவரும், மருத்துவர் வியாதியின் பெயரைச் சொல்வது போல. "ரீத்தா, இங்க வா. நம்ம மருமகப் புள்ள விசேஷத்துக்கு ஆமை வந்திருக்கு."

ரீத்தா அக்கா எட்டிப் பார்த்தார். பத்திரிகையை இரண்டு விரலால் ஓரமாகப் பிடித்து வாங்கிக்கொண்டு போய், வாசலுக்கு வெளியே துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு ஓட்டாஞ்சில்லையும் வைத்துவிட்டு வந்தார்.

"அக்கா, கிறிஸ்துவ வீட்டுல இதெல்லாம் பாக்கலாமா?"

"ஜெபம் வேற தம்பி, ஆமை வேற."

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. ஆமையை வீட்டுப் பக்கமே அண்டவிடாத ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். சின்ன வயதில் வாய்க்காலில் ஒரு ஆமையைப் பிடித்துக் கொண்டுவந்ததற்குத் தெருவே கூடி என்னை விரட்டியிருக்கிறது. அதெல்லாம் எங்கே போய்த் தொலைந்தது? ஜெனி தமிழை மறக்கிறாள், எனக்குத் தெரியாத மொழியில் ஜெபிக்கிறாள் என்று அவளைப் பற்றித்தான் இத்தனை வருடம் புலம்பிக்கொண்டிருந்தேன். மறந்துபோன ஆள் கண்ணாடிக்கு முன்னால் தினமும் சவரம் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

4

மச்சான் கோபத்தைக் காட்டாத மனிதர். அதனால்தான் பயம் அதிகம். என்னைச் சாப்பிட உட்காரவைத்தார். ரீத்தா அக்கா கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தார். அவர்கள் தீவுக்கு வருவதற்கான காரணங்களை நான் எடுத்து விட்டேன். ஒரு சுற்றுலாக் கம்பெனி என்னை வேலைக்கு வைத்திருந்தால் மறுநாளே துரத்தியிருக்கும்.

"கடல் இருக்கு பாருங்க மச்சான், கரையிலருந்து ரொம்பத் தூரத்துக்கு இடுப்பளவுதான் தண்ணி. புள்ள குட்டியோட பயமில்லாம எறங்கலாம்."

"இடுப்பளவு தண்ணி எங்க கம்மாயிலயும் கெடக்கும், மழை பேஞ்சா."

"பொம்பளைங்க நடந்தே போயி ஆக்டோபஸ் பிடிப்பாங்க. குச்சியில தொங்கவிட்டுக் காயப் போடுவாங்க. துணி காயிற மாதிரி இருக்கும்."

"எட்டுக்கால் இருக்குமே, அதுவா?" என்றார் ரீத்தா அக்கா. கரண்டி நின்றுவிட்டது. "ஸ்டெல்லா அதத் திங்கிறாளா?"

"சேச்சே" என்றேன். அவள் அதை வறுத்து மிளகு போட்டால் நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுவேன் என்பதைக் குழம்போடு விழுங்கினேன்.

"ஞாயித்துக்கெழம ஊரே கோயில்லதான் மச்சான். மலைமேல பெரிய கோயில். ஊர் சனம் எல்லாம் நம்ம சபைதான்."

"அப்ப சாமியாருக்கு வேல சாஸ்தி."

"கூட்டமில்ல, சத்தமில்ல, ஹாரன் இல்ல. வீட்டப் பூட்டாமப் போகலாம்."

"பூட்டாமப் போற அளவுக்கு வீட்டுல ஒண்ணுமில்லையா?"

ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டே வந்தார். ஆனால் ஒன்று கவனித்தேன். நான் நல்லதாக ஏதாவது சொல்லச் சொல்ல, அவர் சாப்பாடு குறைந்துகொண்டே போனது. ஸ்டெல்லா அங்கே பாட்டுக் குழுவில் பாடுகிறாள், பூசை முடிந்து ஊர்ப் பெண்கள் அவளைச் சுற்றி நின்றுகொண்டு விடமாட்டார்கள் என்றதும் எழுந்து கை கழுவப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தங்கை நன்றாக இருக்கிறாள் என்றால் எந்த அண்ணனுக்காவது சோறு இறங்காமல் போகுமா?

ஆமைதான் காரணம் என்று நினைத்தேன். புதுப் பத்திரிகை அடித்துக்கொண்டு வருகிறேன், வெறும் பூப் படம் போட்டு, என்றேன்.

"பத்திரிகை கெடக்கட்டும் மாப்ள. மாடிக்கு வாங்க. ஒண்ணு காட்டணும்."

5

மொட்டைமாடியில் ஒரு புது அறை இருந்தது. நான் போன முறை வந்தபோது அது இல்லை. சுண்ணாம்பு வாசனை போய்விட்டிருந்தது, ஆள் வாசனை இன்னும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பருத்திக் காடு. ஒரு கட்டில், ஒரு பீரோ, பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஃபேன். ஓரத்தில் வெங்காயம் கொட்டிக் கிடந்தது.

"வெங்காயம் சும்மா, இப்பைக்கி" என்றார் மச்சான். "அந்தக் கதவத் தொறங்க."

திறந்தேன். உள்ளே பளபளவென்று மேற்கத்தியக் கழிப்பறை. உட்காரும் மூடியில் ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டைக்கூட யாரும் கிழிக்கவில்லை.

"அங்க இதுலதான பழகியிருப்பீக. புள்ளைக்கி நம்மது சரிப்படாதுல்ல? அதான்."

எனக்கு நக்கல் செய்ய வாய் வந்தது. சத்தியமாக வந்தது. வெங்காயத்துக்குத் தனி பாத்ரூமா மச்சான் என்று கேட்கத்தான் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

கட்டிலில் உட்கார்ந்தார். துண்டை மடித்தார், பிரித்தார்.

"மாப்ள, நீங்க தட்டு வைக்காததுல எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான். இல்லன்னு சொல்லல. ஆனா அது இல்ல விசயம். எருசலேமுக்குப் போவோம்னு நானும் இவளும் பாஸ்போர்ட் எடுத்தோம். அந்த யாத்திரை நின்னு போச்சு. பாஸ்போர்ட் கெடக்கு. நெனச்சா நாளைக்கே வந்துருவேன்."

"அப்பறமென்ன மச்சான்?"

"நான் அங்க வந்து, எல்லாத்தையும் பாத்துட்டு, நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன்னு வைங்க. அப்பறம் எந்த மொகத்த வச்சுக்கிட்டு அவள ஊருக்கு வா தாயின்னு கூப்புடுவேன்? பாக்காத வரைக்கும் நான் கூப்புடலாம்ல?"

கீழே தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. நான் அந்தக் கழிப்பறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். தீவைப் பற்றி நான் அடுக்கிய ஒவ்வொரு நல்ல காரணமும் இந்த அறைக்கு ஒரு பூட்டாக விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

6

குழம்பிப்போனால் மனிதன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த வசதி இல்லை. குழம்பினால் இன்னும் வேகமாகப் பேசுவேன். ஸ்டெல்லாவின் முகம் கண்முன்னால் வந்தது. வெறுங்கையோடு போய் இறங்கினால் என் கதி என்ன என்று நினைத்தேன். பேச்சு வண்டியை அப்படியே பின்பக்கமாக ஓட்டத் தொடங்கினேன்.

"நல்லாருக்குன்னு யாரு மச்சான் சொன்னா?" என்றேன்.

"இம்புட்டு நேரமும் நீங்கதான்."

"அது... உங்களக் கூப்புடுறதுக்காகச் சொன்னது. நெசத்தக் கேளுங்க. புயல் வந்தா கூரை போயிரும். போன புயல்ல நாங்க மூணு பேரும் சாப்பாட்டு மேசைக்கு அடியில கெடந்தோம். நான் ஒப்பாரி வச்சேன். புள்ள என்னையத் தட்டிக்குடுத்துச்சு."

மச்சான் நிமிர்ந்தார்.

"கப்பல் வரலேன்னா வெங்காயமில்ல, எண்ணெயில்ல. கடை அலமாரியப் பாத்தா அழுகை வரும். தண்ணி கேக்கவே வேணாம். தண்ணி கம்பெனிக்காரன் வீட்டுலயே தண்ணி முறைவச்சுத்தான் வருது. அக்கம்பக்கத்துல எல்லாரும் அதச் சொல்லிச் சிரிக்கிறாங்க."

"ம்."

"போன கிறிஸ்துமசுக்கு ஸ்டெல்லா முறுக்கு சுட்டா. டப்பா நெறைய. சுட்டு முடிச்சப்பறம்தான், இத யார் வீட்டுக்குக் குடுத்துவிடுறதுன்னு யோசிச்சிருக்கா. டப்பாவ மடியில வச்சுக்கிட்டு வாசப்படியில ரொம்ப நேரம் உக்காந்திருந்தா மச்சான்."

இது நான் சோடித்ததில்லை. நடந்ததுதான். சொல்லும்போது என் குரலே எனக்கு ஒரு மாதிரி கேட்டது.

மச்சான் எழுந்துவிட்டார். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே குனிந்து கத்தினார்:

"ஏத்தா ரீத்தா! அந்தப் பெரிய சூட்கேசத் தட்டி வையி. நாம போறோம்."

"ஆமை ஊருக்கா?" என்று கீழேயிருந்து வந்தது பதில்.

"ஆமையோ பூதமோ. என் தங்கச்சி வாசப்படியில முறுக்க வச்சுக்கிட்டு உக்காந்திருக்காளாம். இம்புட்டுக் கஷ்டத்த வச்சுக்கிட்டு இந்தாளு கோயில் இருக்கு, கொளம் இருக்குன்னு கதை விட்டுக்கிட்டு இருக்காரு." என் பக்கம் திரும்பினார். "முந்தியே சொல்றதுக்கென்ன மாப்ள? வந்து, விசேஷத்த முடிச்சு, கையோட அவளையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்துர்றேன்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வெற்றி வீரனைப் போல உட்கார்ந்தேன். திருமங்கலம் வருவதற்குள் வேர்க்க ஆரம்பித்துவிட்டது. முறுக்குக் கதையின் மீதியை நான் சொல்லவில்லையே! அன்று அந்த டப்பாவைத் திறந்து முதல் முறுக்கைக் கடித்தவர் எதிர்வீட்டு மதாம். அடுத்த வாரமே ஸ்டெல்லா சனிக்கிழமைச் சந்தையில் மேசை போட்டாள். இப்போது முறுக்கும் மோர்மிளகாயும் காலை வெயில் ஏறுவதற்குள் தீர்ந்துபோகின்றன. கைமுறுக்கு சுற்றுவதைக் கற்றுக்கொள்ள மூன்று பெண்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பாதியை வைத்தே நான் ஒரு மனிதரைக் கடல் தாண்டக் கிளப்பிவிட்டேன். முழுசாகச் சொல்லியிருந்தால் அவர் மறுபடி கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நான் செய்தது சரியா என்று திருமங்கலத்தில் ஒரு மாதிரியும் பசுமலையில் வேறு மாதிரியும் தோன்றியது.

7

அன்று சாயங்காலமே ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். அண்ணன் வருகிறார் என்றதும் அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். பிறகு வார்த்தை வெள்ளமாக வந்தது. அண்ணனுக்கு எந்த ரூம், அண்ணிக்குக் குளிர் தாங்குமா, ஜெனி மாமாவிடம் தமிழில் என்ன பேச வேண்டும். பின்னால் ஜெனி "மா-மா, வாங்-க" என்று எண்ணிப் பார்ப்பது போல ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லிச் சம்மதிக்க வச்சீங்க? எத்தன வருசம் அசையாத மனுசன்!"

"எல்லாம் ஊர் பெருமை சொல்லித்தான்" என்றேன்.

"அப்டியே நம்மூரச் சுத்திக் காட்டுறேன் பாருங்க. அண்ணனுக்கும் ரிட்டயர்மெண்ட் வரப்போகுது. புள்ள குட்டியும் இல்ல. அங்கன ரெண்டு பேரும் தனியாக் கெடந்து என்ன செய்யப் போறாக? இங்கயே இருந்துருங்கன்னு சொல்லிறப் போறேன். நீங்க ஒண்ணும் வாயத் தொறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சிரிப்பு வந்திருக்கும்.

மறுநாள் காலை மதுரையில் டிக்கெட் போடும் கடையில் உட்கார்ந்தேன். சென்னை, மொரீஷியஸ், அங்கிருந்து ஆட்களையே எடை போட்டு ஏற்றுகிற சின்ன விமானம் என்று வழியை விளக்கினேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் மச்சான், அக்கா பெயர்களைத் தட்டினாள்.

"போறது ரெண்டு பேரு, உங்களோட மூணு. ரிட்டன் எத்தன பேருக்குண்ணே?"

"ரிட்டன் அப்பறமாப் போட்டுக்கலாமாம்மா?"

"ரிட்டன் டிக்கெட் காட்டாம அங்க எறங்க விடமாட்டாங்கண்ணே."

ஒரு நிமிஷம் என்று வெளியே வந்து மச்சானுக்குப் போன் போட்டேன்.

"இதுல என்ன மாப்ள யோசனை? நாங்க ரெண்டு பேரு, ஸ்டெல்லா, புள்ள. நாலு போடுங்க. நீங்க அங்கன வேலைய முடிச்சுட்டு மெதுவா வாங்க."

ஸ்டெல்லாவுக்குப் போட்டேன்.

"எதுக்கு ரிட்டன்? சும்மா கண்துடைப்புக்கு அவங்க ரெண்டு பேருக்குப் போடுங்க. நான்தான் கேன்சல் பண்ண வைக்கப் போறேனே."

உள்ளே போய் மறுபடி உட்கார்ந்தேன். அந்தப் பெண் விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நாலு என்று சொன்னால் என் வீடு காலி. ரெண்டு என்று சொன்னால் மாடியில் அந்த அறையில் வெங்காயம். எனக்கு எது வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. தீவில் இருக்கும்போது நான் மதுரைக்காரன். மதுரையில் உட்கார்ந்துகொண்டு தீவை விற்கிறேன்.

"அண்ணே, சொல்லுங்கண்ணே. பின்னாடி ஆளு நிக்கிது."

"ரெண்டு போடும்மா" என்றேன். அவள் தட்டினாள். உடனே, "தேதிய மாத்தலாம்ல?" என்றேன்.

"மாத்தலாம்."

"ஆளு சேக்கலாமா?"

"எடமிருந்தா சேக்கலாம்ணே."

"நெறைய எடமிருக்குமா?"

அவள் திரையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"யாருண்ணே வரப் போறது, யாருண்ணே இருக்கப் போறது?"

"அதான்மா எனக்கும் தெரியணும்" என்றேன். பின்னால் நின்ற ஆள் சிரித்தார். நானும் சிரித்தேன், வேர்க்க வேர்க்க.